ஒன்று, மூன்று, இரண்டு

பாலச்சந்திரனின் வலது கை மோதிர விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய பல் பிரஷால் நகத்தின் இடுக்கை ஹம்சா தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் துணி சோப்புத் தூள். இன்னொன்றில், கார் பாகங்களைக் கழுவுவதற்காக அவரே வாங்கி வைத்திருந்த டீசல். எட்டு விரல்கள் முடிந்திருந்தன. கறுப்பு சாம்பலாக வெளுத்திருந்ததே தவிரப் போகவில்லை.

"போதும் டீச்சர்," என்றாள் பக்கத்து வீட்டு ஷோபா. "எத்தினி தேய்ச்சாலும் இது போகாது. மாலை போட்டுட்டா யாரு கையப் பாக்கப் போறாங்க."

"என் தம்பி பாப்பான்," என்றாள் ஹம்சா.

கிரி பார்ப்பான். கொம்பள்ளியில் அபார்ட்மென்ட் கட்டி விற்கிறவன். ஐம்பத்து நாலு வயதிலும் அவன் நகங்கள் கல்யாணப் பெண்ணின் நகங்களைப் போலிருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மூலையில் ஒட்டடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பான், ஆனால் எதுவும் சொல்ல மாட்டான். அந்தச் சொல்லாமல் இருப்பதை ஹம்சாவால் தாங்க முடியாது.

விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. அவள் சுண்டு விரலைப் பிரித்தாள். உயிரோடு இருந்தபோது அவள் கணவர் இந்தக் கையோடுதான் சாப்பாட்டுக்கு உட்காருவார். கையைக் கழுவினீர்களா என்று கேட்டால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார், இரண்டாம் வகுப்புப் பையன் மாதிரி. போய் மறுபடி கழுவுங்கள் என்பாள். போய்க் கழுவிக்கொண்டு அதே கையோடு திரும்பி வருவார்.

காலையில் ஆறரை மணிக்கு அவள் காபி எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்குப் போனாள். பானட் திறந்திருந்தது. அவர் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து, நெற்றியைக் காரின் விளிம்பில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் நினைத்தாள். டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசினாள். விடிஞ்சதும் கும்பிட ஆரம்பிச்சாச்சா, சாமிக்கு ஒரு நாளாவது இப்படிக் குனிஞ்சிருப்பீங்களா என்றாள். டிரைனேஜ் அடைத்துக்கொண்டு நாலு நாள் ஆகிறது, ஆளுக்கு போன் செய்யச் சொன்னது என்ன ஆயிற்று என்றாள். காபி ஆறினால் சுட வைத்துத் தர மாட்டேன் என்றாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் இருக்கும். அவர் பதில் சொல்லாதது அவளுக்குப் புதிதில்லை. உள்ளே போய்விட்டாள். ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது.

தெருமுனை டாக்டர் ஏழே காலுக்கு வந்தார். இதயம் என்றார். உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்.

முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். ஏழே காலில் ஒரு மணி நேரத்தைக் கழிக்க அவளுக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. கழித்தாள். விடையை யாரிடமும் சொல்லவில்லை.

*

கிரி ஒன்பதரைக்கு வந்தான். கூடவே ஒரு வேனில் ஐஸ் பெட்டியும் இரண்டு ஆட்களும். மகள் அக்ஷதா புனேயிலிருந்து மதியம்தான் வந்து சேர முடியும். அதுவரை உடலை வைக்க வேண்டும். ஹால் சின்னது, பெட்டியை வைத்தால் ஆள் நடமாட வழி இருக்காது. போர்ட்டிகோவில் வைக்கலாம். போர்ட்டிகோவில் கார் இருந்தது.

கிரி அதைச் சுற்றி வந்தான். பதினாறு வருடத்துப் பழைய வெள்ளை ஆல்ட்டோ. கதவுகளின் அடிப்பக்கம் துரு. முன் சக்கரம் ஒன்றில் காற்று இல்லை. சுவரோரமாக ஜாம் பாட்டில்களில் நட்டுகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு, அதில் அவருடைய கோணல் கையெழுத்து.

"இத மொதல்ல வெளிய தள்ளணும்," என்றான் கிரி. "அக்கா, நம்ம சைட்டுக்கு இரும்பு எடுக்கறவன் ஒருத்தன் இருக்கான். போன் பண்றேன். மதியம் வந்து கட்டி இழுத்துட்டுப் போயிடுவான். எட்டாம் நாள் காரியத்துக்கு ஜனங்க வந்தா உக்கார எடம் வேணும்."

"கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் ஹம்சா.

"யாரக் கேட்டுட்டு?"

முப்பத்தோரு வருடமாகத் தம்பியிடம் பிடி கொடுக்காமல் இருக்க அவள் சொல்லும் வாக்கியம் அது. கேட்டுட்டுச் சொல்றேன். ஒரு முறைகூட அவள் அவரைக் கேட்டதில்லை.

நாலு பேராகக் காரைத் தள்ளினார்கள். அது முனகிக்கொண்டு வெளியேறி, சந்தில் எதிர்வீட்டு பாதாம் மரத்தடியில் போய் நின்றது. கிரி ஒரு சின்னப் பாட்டிலை எடுத்துக் கைகளில் திரவம் பிழிந்து தேய்த்துக்கொண்டான். பிறகுதான் அக்கா கணவருக்கு மாலை போட்டான். "மாமா" என்று ஒரு முறை சொன்னான். குரல் சரியான இடத்தில் உடைந்தது. மனைகளைப் பதிவு செய்யும்போதும் சாமி பெயரை இப்படித்தான் சொல்வான்.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்கள், கூட்ஸ் ஷெட்டில் அவரோடு குமாஸ்தாவாக இருந்தவர்கள், அவளோடு வேலை பார்த்த டீச்சர்கள். எல்லோரும் அவளிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். நல்ல மனுஷன், யாரையும் ஒரு சொல் சொல்லாதவர். ஹம்சா தலையாட்டினாள். வேறு எதுவும் சொல்லத் தோன்றாத ஆளைப் பற்றிச் சொல்வதற்கென்றே இருக்கிற வாக்கியம் என்று நினைத்துக்கொண்டாள். அவரைப் பற்றிச் சொல்வதற்குத்தான் என்ன இருந்தது? ஹார்மோனியம் வாங்கினார், ச ரி க மவோடு நின்றது. ஹோமியோபதி தபாலில் படித்தார், பரீட்சைக்குப் போகவில்லை. ரிடையர் ஆனபின் மாடியில் தக்காளி போட்டார், குரங்குகள் தின்றன. கடைசியாக இந்த இன்ஜின்.

*

இன்ஜின் கெட்ட கதையைக் கிரிதான் எல்லோருக்கும் சொல்வான். அன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று சொன்னான், குரலைத் தாழ்த்தி, சாவு வீட்டுக்குப் பொருத்தமாக.

"போன வருஷம் ஆகஸ்ட்ல எங்க புது வீட்டு கிரகப்பிரவேசம். டிரைவர அனுப்பறேன்னு சொன்னேன். நக்கோ, வேணாம், எங்க கார்லயே வரோம்னாங்க. மழை. ரயில் பாலத்துக்கு அடியில இடுப்பளவு தண்ணி. மாமா நேரா உள்ள வுட்டுட்டாரு. படகு ஓட்டற மாதிரி. நின்னு போச்சு. சரி, நின்னா வுட்டுட்டு எறங்கணும் இல்ல? மறுபடி மறுபடி சாவியத் திருகியிருக்காரு. தண்ணி இன்ஜின் உள்ள பூந்து, பிஸ்டனத் தாங்கற ராடே வளஞ்சு போச்சு. எல்லாம் நாலு திருகல்ல முடிஞ்சது."

கேட்டவர்கள் மெல்லச் சிரித்தார்கள். பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே பாலச்சந்திரன் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

அந்தக் கார் அவளுடைய பி.எஃப். பணத்தில் வாங்கியது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கவில்லை, அது அவர் வேலை, மறந்துவிட்டார். சரி செய்ய எழுபதாயிரம் ஆகும் என்றார்கள். விற்றுவிடலாம் என்றாள். நானே செய்கிறேன் என்றார். எவ்வளவு பணத்தில் என்றாள். அவர் விழித்தார். இருபதாயிரம் தருகிறேன், அதற்குமேல் ஒரு பைசா கேட்கக் கூடாது என்றாள். முடியாது என்று தெரிந்தே சொன்னாள். அவர் சரி என்றார். அந்தச் சரியைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது, பேரம்கூடப் பேசத் தெரியாத மனிதன்.

பதினாலு மாதம். இன்ஜினை இறக்க வாடகைக்கு ஒரு நாள் செயின் கப்பி எடுத்தார். மிச்சமெல்லாம் போர்ட்டிகோ தரையில், பழைய போர்வையின்மேல். ராணிகஞ்ச் கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவார், மறுநாள் போவார். உள்ளே போகிற ரிங்கும் பேரிங்கும் கேஸ்கெட்டும் மட்டும் புதிதாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பழையது போதும் என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார். வளைந்த ராடுக்குப் பதிலாக, லாரி இடித்துச் செத்துப்போன ஒரு காரிலிருந்து ஒன்றைத் தேடிப் பிடித்தார். அது மற்ற இரண்டையும்விட ஒன்பது கிராம் கனமாக இருந்தது. மூன்றும் ஒரே எடை இல்லாவிட்டால் இன்ஜின் அதிர்ந்தே உடைந்துவிடுமாம். அவளுடைய சமையலறைத் தராசைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அரத்தால் ராவினார். ராவுவது, எடை போடுவது, ராவுவது. மைதா அளக்கிற தராசில் இரும்பை வைக்கிறீர்களே என்று கேட்டாள். கீழே காகிதம் போட்டிருக்கிறேன் என்றார்.

கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பணம் ரிங் செட்டுக்குப் போயிற்று. அதனால் ஜெராக்ஸ் எடுத்து வந்த ரிப்பேர் புத்தகத்தின் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் காகிதக் கட்டோடு அவள் முன்னால் வந்து நிற்பார். அவள் டி.வி.யின் சத்தத்தைக் குறைக்காமல் படித்துச் சொல்வாள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எதற்குப் பிறகு எது. அவர் ஒரு டைரியில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்வார். திரும்பக் கேட்டால், மக்குப் பையன்களுக்குச் சொல்வதுபோல் சொல்வாள். அவர் தலையாட்டுவார்.

*

சாய்குமார் பதினோரு மணிக்கு வந்தான். மௌலா அலி போகிற ரோட்டில் சின்ன ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். நாற்பது வயது இருக்கும். தாய்மொழி தெலுங்கு, குவார்ட்டர்ஸ் தமிழ்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடிக் கற்ற தமிழ். சாமந்தி மாலையைப் போட்டுவிட்டுச் சந்துக்குப் போய்க் காரின் பானட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றான். கிரி பின்னாலேயே போனான். ஹம்சா ஜன்னலருகில் உட்கார்ந்திருந்தாள், அவர்கள் பேசியது கேட்டது.

"இரும்பு ரேட்டுக்கு இது என்னா போகும்?"

"இரும்பா? இன்ஜின் ரெடி சார். இன்னைக்குத்தான் ஸ்டார்ட் பண்றதா இருந்தது. பத்து மணிக்கு பேட்டரி எடுத்துட்டு வரச் செப்பினாரு. பைக்ல இருக்குது, பாருங்க."

"ரெடியா," என்றான் கிரி. "பதினாலு மாசமா ரெடி."

"நானும்தான் வேணாம்னேன் சார்," என்றான் சாய்குமார். "பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னேன். கேக்கலே." பானட்டை மூடாமல் வந்து தெருவோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். ஷோபா கொடுத்த டீயை வாங்கிக்கொண்டான். போகவில்லை.

பன்னிரண்டரைக்கு அக்ஷதா வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெட்டியின் கண்ணாடியைத் தொட்டு அழுதாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் லீவு சொன்னாள். நல்ல பெண். மாதத்துக்கு ஒரு முறை அப்பாவிடம் பேசுவாள். கார் என்னாச்சுப்பா என்பாள். ஆயிட்டே இருக்கு என்பார். சிரிப்பாள். அம்மாவின் சிரிப்பு அது, அம்மாவிடம் கற்றது.

ஒன்றரைக்குக் கிரி ஏற்பாடு செய்த இரும்புக்காரன் ஆட்டோ டிராலியோடு வந்து சந்து முனையில் நின்றான். அவனைக் காட்டி, புதிதாக வந்த இரண்டு பேருக்குக் கிரி கதையை மறுபடி ஆரம்பித்தான். ரயில் பாலம். இடுப்பளவு தண்ணி. படகு.

ஹம்சா எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"கிரி."

அவன் திரும்பினான்.

"நான்தான் போகச் சொன்னேன்."

"என்னாக்கா?"

"வண்டிய. தண்ணியில. அவரு திரும்பிடலாம்னாரு. நான்தான் போகச் சொன்னேன்."

நாற்காலிகளில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

அன்றைக்கு நடந்தது அதுதான். கிரி வீட்டு விசேஷங்களுக்கு அவன் டிரைவர் வந்து இவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போவது அவளுக்கு அவமானமாக இருந்தது. அதற்காகவே வாங்கிய கார். பாலத்தருகில் அவர் பிரேக் போட்டார். "ஹம்சா, தண்ணி அதிகமா இருக்குது. திரும்பிடலாம்" என்றார். எதிரே ஒரு ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஆட்டோக்காரன் போறான். உங்களால மட்டும் முடியாது" என்றாள். அவர் அவளை ஒரு முறை பார்த்தார். கியரைப் போட்டார். நடுவில் வண்டி நின்றபோது, "போட்டுப் பாருங்க" என்றதும் அவள்தான். "இன்னொரு வாட்டி" என்றதும் அவள்தான். நாலு முறை.

கிரி தன் பெரிய வண்டியில் வந்து கரையில் நின்றுகொண்டு, யாரு இதுக்குள்ள வுடச் சொன்னது என்று கேட்டான். பட்டுப்புடவை நனைந்து நின்ற அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான்தான் கிரி. கணக்கு தப்பாயிடுச்சு."

அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றும் இல்லை, அதன்பிறகும் இல்லை. அவர் ஒரு முறைகூட நினைவுபடுத்தவில்லை. சண்டை வந்தபோதெல்லாம், தண்ணியில கொண்டுபோய் இறக்கின ஆள்தானே என்று அவளே சொல்லியிருக்கிறாள். முகத்துக்கு நேராக. பலமுறை சொல்லிச் சொல்லி, அப்படித்தான் நடந்தது என்று அவளுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது.

கிரி கிட்டே வந்தான். வீடு வாங்க வரும் வயதானவர்களிடம் காட்டும் மென்மை அவன் முகத்தில் வந்தது.

"அக்கா. எனக்குத் தெரியும்க்கா. நீ மாமாவ எங்கயும் வுட்டுக் குடுக்க மாட்ட. நான் தப்பா ஒண்ணும் சொல்லல. வுடு."

"நான் பொய் சொல்லல கிரி."

"சரிக்கா. சரி."

"முப்பது வருஷம் சேந்து வாழ்ந்தவங்க இல்லியா," என்றார் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர், பக்கத்திலிருந்தவரிடம்.

அக்ஷதா வந்து தோளை அணைத்துக்கொண்டாள். "அம்மா, யாரும் அப்பாவ ப்ளேம் பண்ணல. இட்ஸ் ஓகே. நீ காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

அவளை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். யாரோ மோர் கொண்டுவந்தார்கள். ஹம்சா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசினாலும் எவன் நிஜம் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். இங்கே ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது, உண்மையைச் சொன்னால் மோர் கொடுக்கிறார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பிறந்த வீட்டுக் கோடி என்று கிரி கொண்டுவந்திருந்த புடவையை அவள் தோளில் போர்த்தினான். விலை அதிகமான புடவை. விலைச் சீட்டின் நூல் ஓரத்தில் இன்னும் இருந்தது, சீட்டை மட்டும் கிழித்திருந்தான். வாய்க்கரிசி போட்டார்கள். ஹம்சா குனிந்தபோது அவர் கைகளைத்தான் பார்த்தாள். மாலைக்கு வெளியே விரல்கள் தெரிந்தன. கிரியும் பார்த்தான், எதுவும் சொல்லவில்லை. அக்ஷதா தானே கொள்ளி வைப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆண்களோடு வேனில் ஏறினாள். வேன் சந்தில் பின்னோக்கிப் போகும்போது ஆல்ட்டோவின் கண்ணாடியில் உரசாமல் இருக்க சாய்குமார் கையைக் காட்டி வழி சொன்னான்.

*

வீடு காலியானது. பெண்கள் போர்ட்டிகோவிலிருந்து ஆரம்பித்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். ஹம்சா சந்துக்கு வந்தாள். டிராலிக்காரன் காரின் முன்பக்கம் கயிறு கட்டத் தொடங்கியிருந்தான். சாய்குமார் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, லே ஜானா? எடுத்துட்டுப் போகட்டா?" என்றான் டிராலிக்காரன், அவள் நின்ற விதத்தைப் பார்த்து.

"நக்கோ," என்றாள் ஹம்சா.

"சேட் போன் பண்ணிச் சொன்னாரு."

"இது சேட் வண்டி இல்ல. என் வண்டி. கழட்டு."

அவன் சாய்குமாரைப் பார்த்தான். சாய்குமார் குனிந்து தானே கயிற்றை அவிழ்த்தான். டிராலி போய்விட்டது.

"பேட்டரி எங்க?" என்றாள்.

"மேடம், இன்னைக்கு..." சாய்குமார் ஈரமான வாசலைப் பார்த்தான். "தேர்ட் டே கழிச்சு வரேன் மேடம்."

"இன்னைக்கு ஸ்டார்ட் பண்றேன்னுதானே சொன்ன. பண்ணு."

அவன் பைக்கிலிருந்து பேட்டரியை எடுத்து வந்து மாட்டினான். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தான், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தான். எல்லாம் ஊற்றியிருந்தது. ஒரு நட்டை விரலால் தட்டினான். இன்னொன்றை ஸ்பேனர் போட்டு இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை. "சுத்தமா பண்ணியிருக்காரு," என்றான், அவளிடம் இல்லை.

உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் இழுத்தது, சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. மூன்றாவது முறை படாரென்று ஒரு சத்தம், வெடி வெடித்ததுபோல. பாதாம் மரத்திலிருந்து காகங்கள் எழுந்தன. ஷோபா துடைப்பத்தோடு ஓடி வந்து, ஹம்சாவைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

அவ்வளவுதான், என்று ஹம்சா நினைத்தாள். பதினாலு மாதமும் என் தராசும். இதைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்தது. பழக்கமான வீட்டுக்குள் நுழைந்ததுபோல.

சாய்குமார் இறங்கி வந்து பானட்டுக்குள் தலையை விட்டான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஓ," என்றான். "வயரு."

"என்ன வயர்?"

"ப்ளக் வயரு மேடம். மூணு சிலிண்டர், மூணு வயர். நெருப்பு வரிசையா போகாது. ஒண்ணு, மூணு, ரெண்டு. அப்படித்தான் போகும். சார் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மாட்டிட்டாரு." அவன் தலையைச் சொறிந்தான். "சாருக்கு இது தெரியுமே. போன வாரம் ஷெட்டுக்கு வந்தப்போ அவரே செப்பினாரு, ஒண்ணு மூணு ரெண்டுன்னு. டைரியில்கூட எழுதி வெச்சிருந்தாரு. அப்புறம் ஏன் மாத்தினாருன்னு தெரியலே."

இந்த வாரம், செவ்வாய்க்கிழமை. அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் டைரியும் காகிதமுமாக வந்து நின்றார். வயரு எப்படிப் போகும்னு போட்டிருக்கு, ஒரு வாட்டி பாத்துச் சொல்லேன் என்றார். நான் ஒரு மாதிரி எழுதி வெச்சிருக்கேன், சரியான்னு தெரியணும் என்றார். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. "மூணே மூணு வயர். ஒண்ணு, ரெண்டு, மூணு. இத எண்றதுக்கும் டீச்சர் வேணுமா?" என்றாள். அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

தெரிந்ததைக்கூடக் கையில் பிடித்துக்கொள்ளத் தெரியாத மனிதன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இல்லை என்று சொல்லியிருந்தால்.

"மேடம்?" என்றான் சாய்குமார்.

"மாத்திப் போடு," என்றாள்.

அவன் இரண்டு வயர்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினான். அரை நிமிட வேலை. உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு முறை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை கிளம்பி எதிர்வீட்டு ஜன்னலை மறைத்தது. யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். மெல்லப் புகை குறைந்தது. சத்தம் ஒரே சீராகத் தாழ்ந்து வந்து நின்றது. சாய்குமார் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இன்ஜின்மேல் நிற்க வைத்தான். அது அங்கேயே நின்றது. உள்ளிருந்த தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது.

"அதிர்வே இல்ல மேடம்," என்றான் அவன். "கம்பெனி இன்ஜின்கூட இன்னும் கொஞ்சம் ஆடும்."

ஹம்சா பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சும்மாவே சொல்லிட்டிருக்காத," என்றாள். "எவ்வளவு நேரம் ஓடணும்?"

"மொதல் வாட்டி இல்லியா. இருபது நிமிஷம் ஆஃப் பண்ணாம ஓடணும். நான் பாத்துக்கறேன்."

"டீச்சர்," என்று கூப்பிட்டாள் ஷோபா, தயங்கி. "அவங்க திரும்பி வரதுக்குள்ள நீங்க குளிச்சிடணும். வெந்நீர் வெச்சிருக்கேன்."

ஹம்சா உள்ளே போனாள். ஈரத் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தாள். குளியலறைக் கதவைத் தாழிட்டு, கோடிப் புடவையை எடுத்துக் கொடியில் போட்டாள். மணையில் உட்கார்ந்தாள். தலைக்குமேல் சந்துப் பக்கத்துச் சின்ன ஜன்னல். முதல் சொம்பைத் தலையில் ஊற்றினாள். தண்ணீர் காதுகளில் இறங்கியபோது வெளியே எதுவும் கேட்கவில்லை. வழிந்து முடிந்ததும் இன்ஜின் சத்தம் மறுபடி கேட்டது.

இரண்டாவது சொம்பை முகர்ந்தாள். பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து நீர் வடிய, ஊற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர்," என்றது ஷோபாவின் குரல் கதவுக்கு வெளியே. "தண்ணி ஆறிடப் போகுது."

"இரு," என்றாள் ஹம்சா. "பேசாத."